பக்கவாதத்துக்குப் பிறகு வரும் மனச்சோர்வு... கிரீன் டீ தீர்க்குமா?

“எங்க வீட்டுக்காரருக்கு வயசு 57. போன பங்குனியில இடது கை, கால் விழுந்துடுச்சு. ஆஸ்பத்திரியில 11 நாள் வெச்சிருந்து அனுப்புனாங்க. கோலை ஊன்றி நடக்குற அளவுக்குத் தேறிட்டார். ஆனா, ஆடிக்கு அப்புறம் ஆளே மாறிட்டார். கை, கால் பயிற்சி செய்ய மாட்டேங்கிறார். ராத்திரி தூக்கமில்ல. கழனிப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கிறதில்ல. ‘நான் இருந்து யாருக்கு என்ன பிரயோஜனம்?’னு கேட்கிறார். வாதம் வந்தவங்களோட மனச்சோர்வுக்கு கிரீன் டீ நல்லதுன்னு போன்ல பார்த்துட்டு, சென்னையில இருக்கிற பையன் ஒரு பெட்டி வாங்கி அனுப்பியிருக்கான். இவரு ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறார். சர்க்கரையும் இருக்கு. டீயைக் கொடுக்கலாமா? அதுல குணமாகுமா?”

- வாசகி ஒருவர், செய்யாறு, திருவண்ணாமலை மாவட்டம்.

சுருக்கமான பதில் இதுதான். விழுங்குவதில் சிரமம் இல்லையென்றால், மாத்திரையைப் பற்றி மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, அளவாக டீ கொடுக்கலாம். ஆனால், டீ மட்டுமே இந்த மனச்சோர்வைக் குணப்படுத்தாது. இதற்கு மருத்துவம் இருக்கிறது. அரசு மருத்துவமனையிலேயே கிடைக்கிறது. அதைத் தள்ளிப்போடக் கூடாது.

கடிதத்தில் டீயைவிட முக்கியமான வரி ஒன்று இருக்கிறது. ‘நான் இருந்து யாருக்கு என்ன பிரயோஜனம்?’ என்று அவர் கேட்பதைச் சலிப்புப் பேச்சு என்று விட்டுவிடக் கூடாது. விவசாய வீடுகளில் பூச்சிக்கொல்லி, களைக்கொல்லி, எலி மருந்து ஆகியவை திண்ணை ஓரத்திலோ, மாட்டுக்கொட்டகையிலோ, மோட்டார் ரூமிலோ கைக்கு எட்டும் இடத்தில் இருக்கும். இன்றைக்கே அவற்றை எடுத்து, அவருக்குத் தெரியாத இடத்தில் பூட்டி வைக்க வேண்டும். முடிந்தால் வேறு வீட்டில் வைப்பது இன்னும் நல்லது. மாத்திரைகளையும் மொத்தமாக அவரிடம் விடாமல், வேளைக்கு வேளை எடுத்துக் கொடுக்க வேண்டும். “சாகணும்னு தோணுதா?” என்று அவரிடம் நேராகக் கேட்கலாம். அப்படிக் கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக வந்துவிடாது. கேட்க ஒருவர் இருக்கிறார் என்ற ஆறுதல்தான் கிடைக்கும். ‘ஆமாம்’ என்று சொன்னால் அவரைத் தனியாக விடாமல், அன்றே மருத்துவமனைக்கு அழைத்துப்போக வேண்டும்.

சோம்பலும் இல்லை, பிடிவாதமும் இல்லை!

‘நடக்க முடிஞ்ச மனுஷன் வேணும்னே படுத்துக் கிடக்கிறார்’ என்று அக்கம்பக்கத்தில் பேசுவார்கள். அது சரியல்ல. பக்கவாதம் வந்தவர்களில் சுமார் மூன்றில் ஒருவருக்கு, ஏதாவது ஒரு கட்டத்தில் மனச்சோர்வு வருகிறது. முதல் ஆண்டில்தான் அதிகம் வருகிறது. எனவே, பங்குனியில் வாதம் வந்து, ஆடிக்குப் பிறகு மனம் சோர்ந்திருப்பது மருத்துவர்கள் அடிக்கடி பார்க்கும் நிலைதான்.

இதற்குக் காரணங்கள் இரண்டு. ஒன்று, மூளைக்குள் நடந்த சேதம். ரத்த ஓட்டம் தடைப்பட்ட இடத்தைப் பொறுத்து, மனநிலையைச் சீராக வைத்திருக்கும் நரம்புப் பாதைகளும் வேதிப்பொருள்களும் பாதிக்கப்படுகின்றன. இரண்டு, இழப்பு. ஏர் பிடித்த கை சோற்றைப் பிசைய உதவாமல் போகும்போது, பத்துப் பேருக்கு வேலை சொன்னவர் வேட்டி கட்ட இன்னொருவரை எதிர்பார்க்கும்போது மனம் உடையத்தான் செய்யும். இந்த இரண்டும் சேர்ந்துதான் மனிதரைப் படுக்கையில் போடுகின்றன.

இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் விருப்பமின்மை, தூக்கக் கேடு, பசியின்மை, எரிச்சல், அழுகை, பயனற்றவன் என்ற எண்ணம் ஆகியவை தொடர்ந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். பக்கவாதம் வந்த சிலர் சம்பந்தமே இல்லாமல் திடீரென அழுவார்கள் அல்லது சிரிப்பார்கள். மனதில் துக்கம் இருக்காது. மூளைச் சேதத்தால் கட்டுப்பாடு தவறுவதால் வரும் தனிப் பிரச்னை அது. எது என்பதை மருத்துவர் பிரித்துச் சொல்வார்.

கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும்? பயிற்சி நின்றுபோகும். பயிற்சி நின்றால் கையும் தோளும் இறுகும். மாத்திரையைத் தவறவிடுவார். ரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஏறும். அது இரண்டாவது முறை வாதம் வருவதற்கு வழி செய்யும். மனதுக்குப் பார்க்கும் வைத்தியம் கை, காலுக்கும் பார்க்கும் வைத்தியம்தான்.

டீயைப் பற்றி ஆய்வுகள் சொல்வது என்ன?

மகன் போனில் பார்த்த செய்தி முழுக்கக் கற்பனை என்று ஒதுக்கிவிட முடியாது. ஜப்பானின் செண்டாய் நகரில், 70 வயதும் அதற்கு மேலும் ஆன 1,058 பேரிடம் நடத்திய ஆய்வு 2009-ம் ஆண்டு வெளியானது. ஒரு நாளைக்கு நான்கு கோப்பையோ அதற்கு மேலோ கிரீன் டீ குடித்தவர்களிடம், ஒரு கோப்பையோ அதற்குக் குறைவாகவோ குடித்தவர்களைவிட மனச்சோர்வு அறிகுறிகள் குறைவாக இருந்தன. அதே நாட்டில் நடந்த வேறொரு ஆய்வு 2021-ல் வெளியானது. அதில், பக்கவாதத்திலிருந்து மீண்ட 478 பேரும் இருந்தார்கள். அவர்களில் தினமும் ஏழு கோப்பையோ அதற்கு மேலோ கிரீன் டீ குடித்தவர்களிடம் இறப்பு விகிதம் கணிசமாகக் குறைந்திருந்தது.

இந்த எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. மனம் தெளிவாக இருப்பவர்தான் எழுந்து உட்கார்ந்து, நாலு பேரோடு பேசிக்கொண்டு நாலு கோப்பை டீ குடிப்பார். மனம் சோர்ந்தவர் வைத்த டீயை ஆறவிட்டுப் படுத்திருப்பார். டீயால் மனம் தெளிந்ததா, மனம் தெளிந்திருந்ததால் டீ குடித்தார்களா என்பதை இப்படிப்பட்ட ஆய்வால் பிரித்துச் சொல்ல முடியாது. 2021 ஆய்வு பார்த்தது இறப்பைத்தான், மனச்சோர்வை அல்ல. தவிர, ஜப்பானியர் குடிப்பது சின்னக் கோப்பை. பாலும் சர்க்கரையும் சேர்ப்பதில்லை.

தேயிலையில் தியானின் என்ற பொருள் இருக்கிறது. மனதை அமைதிப்படுத்தும் என்று இதைத்தான் பெட்டிகளில் பெரிதாக எழுதுகிறார்கள். 2017-ல் ஜப்பானில், மனச்சோர்வு உள்ள 20 பேருக்குத் தினமும் 250 மில்லிகிராம் தியானின் எட்டு வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். அறிகுறிகள் குறைந்தன. ஆனால், அவர்கள் பக்கவாதம் வந்தவர்கள் அல்ல. ஏற்கெனவே சாப்பிட்டுவந்த மருந்தோடு சேர்த்துத்தான் இது கொடுக்கப்பட்டது. ஒப்பிட்டுப் பார்க்க, தியானின் கொடுக்காத இன்னொரு குழுவும் இல்லை. ஒரு கோப்பை டீயில் தியானின் ஏறக்குறைய 10 முதல் 30 மில்லிகிராம்தான் இருக்கும். அந்தச் சோதனையின் அளவை எட்ட ஒன்பது கோப்பையாவது குடிக்க வேண்டும். அவ்வளவு குடித்தால் இருக்கிற கொஞ்சத் தூக்கமும் போய்விடும்.

பயிருக்கும் இது பொருந்தும். ஒரு கரைசலைத் தெளித்த வயல் நன்றாக இருந்தது என்றால், தெளிக்காத வயலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான் விவசாயி நம்புவார். டீ விஷயத்திலும், பக்கவாதம் வந்தவர்களின் மனச்சோர்வு டீயால் தீரும் என்று சொல்ல அந்த அளவுக்கு உறுதியான ஆதாரம் இல்லை.

டீ கொடுக்கும் முன் கவனிக்க வேண்டியவை...

விழுங்குதல்: பக்கவாதம் வந்தவர்களுக்குத் தொண்டைத் தசையும் பலவீனமாகலாம். சோற்றைவிடத் தண்ணீர், டீ, காபி போன்றவைதான் சீக்கிரம் மூச்சுக்குழாயில் இறங்கும். குடிக்கும்போது இருமல், புரையேறுதல், குடித்த பிறகு குரல் கரகரத்தல் இருந்தால் டீயை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்ட வேண்டும். நுரையீரலில் இறங்கினால் நிமோனியா காய்ச்சல் வரும். படுத்தவாக்கில் எதையும் குடிக்கக் கொடுக்கக் கூடாது. நிமிர்ந்து உட்காரவைத்து, சிறு சிறு வாயாகக் கொடுக்க வேண்டும்.

சூடு: வாதம் விழுந்த பக்கத்தில் உதடும் கையும் சூட்டை உணராமல் போகலாம். வெதுவெதுப்பாக ஆற்றி, பாதி டம்ளர் மட்டும் ஊற்றிக் கொடுப்பது நல்லது. இடது பக்கம் விழுந்தவர்களில் சிலருக்கு இடது பக்கம் இருக்கும் பொருளே கவனத்தில் படாது. கண் நன்றாக இருந்தாலும் மூளை அதைக் கவனிக்காது. ‘டீயை வெச்சேன், தொடவே இல்லை’ என்று கோபப்படும் முன், டம்ளரை எந்தப் பக்கம் வைத்தோம் என்று பார்க்க வேண்டும். வலது பக்கம் வைத்துக் கொடுக்கலாம்.

மாத்திரை: ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரைகள் பல வகை. சீட்டில் வார்ஃபரின் அல்லது அசினோகூமரால் என்று இருந்தால், கிரீன் டீயைத் திடீரென அதிகமாகக் குடிக்கத் தொடங்குவது மருந்தின் வேகத்தை மாற்றக்கூடும். ரத்தப் பரிசோதனை செய்துதான் இந்த மாத்திரைகளின் அளவை முடிவு செய்கிறார்கள். எனவே, முதலில் மருத்துவரிடம் கேட்க வேண்டும். எந்த மாத்திரையானாலும் தண்ணீரில்தான் விழுங்க வேண்டும். கிரீன் டீ சாறு என்று கேப்ஸ்யூல், பொடி வடிவில் விற்பவை வேண்டவே வேண்டாம். அவற்றால் சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டிருக்கிறது.

சர்க்கரை: ஒரு டம்ளருக்கு இரண்டு ஸ்பூன் வீதம் நாலு டம்ளர் டீ குடித்தால், எட்டு ஸ்பூன் சர்க்கரை உள்ளே போகிறது. ஏறக்குறைய 35 கிராம். சர்க்கரை நோயாளிக்கு இது ஆகாது. நாட்டுச்சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி எதைப் போட்டாலும் கணக்கு கிட்டத்தட்ட அதேதான்.

நேரம்: டீயில் உள்ள காஃபின் பாதியளவு குறையவே ஏறக்குறைய ஐந்து மணி நேரமாகும். தூக்கமில்லாதவருக்கு மாலை நான்கு மணிக்கு மேல் டீ வேண்டாம். காலையில் ஒன்று, பிற்பகலில் ஒன்று போதும். சோற்றோடு சேர்த்துக் குடித்தால் கீரை, பயறில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வது குறையும். ஒரு மணி நேரம் இடைவெளி விட வேண்டும்.

கிரீன் டீதான் வேண்டும் என்பதில்லை. கடையில் குடிக்கும் சாதா டீயும் அதே செடியின் இலைதான். விலை கூடிய பெட்டிக்குக் கடன்பட வேண்டியதில்லை.

யாரிடம் போக வேண்டும்?

பக்கவாதத்துக்கு மாத்திரை வாங்கும் மருத்துவரிடமே, ‘மனசு சரியில்லை, தூக்கமில்லை, இருந்து என்ன பயன் என்கிறார்’ என்று இந்த மூன்றையும் சொல்ல வேண்டும். நோயாளி தானாகச் சொல்ல மாட்டார். கூடப் போகிறவர்தான் சொல்ல வேண்டும். மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனைகளில் மனநல மருத்துவர்கள் இருக்கிறார்கள். மருந்து இலவசம். நேரில் போக முடியாத நிலையில், 14416 என்ற ‘டெலி மானஸ்’ எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம். தமிழக அரசின் 104 எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும். வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுப்பதும், பிரஷர், சர்க்கரை மாத்திரை தருவதும் 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, கிராமச் செவிலியரிடமோ கேட்டுப் பெயரைப் பதிந்துகொள்ளலாம்.

மனச்சோர்வு மாத்திரை வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். சிலருக்கு இன்னும் கூடுதலாகும். ‘பத்து நாள் போட்டும் ஒண்ணும் தெரியல’ என்று நிறுத்திவிடக் கூடாது. தெளிந்த பிறகும் மருத்துவர் சொல்லாமல் திடீரென நிறுத்தக் கூடாது. இவை போதை மாத்திரைகள் அல்ல. ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையோடு இவற்றைச் சேர்த்துச் சாப்பிடும்போது சிலருக்கு ரத்தக்கசிவு வாய்ப்பு கூடும் என்பதால், சாப்பிடும் எல்லா மாத்திரைச் சீட்டுகளையும் கையோடு கொண்டுபோக வேண்டும்.

டீ உதவும் இடம் ஒன்று உண்டு!

மனச்சோர்வுக்கான பேச்சு சிகிச்சையில் ஒரு முறை இருக்கிறது. முன்பு பிடித்திருந்த செயல்களைச் சிறிது சிறிதாக, நேரம் குறித்து, மீண்டும் தொடங்கவைப்பார்கள். ‘மனசு வந்தால் எழுந்திருக்கிறேன்’ என்று காத்திருக்காமல், எழுந்து ஒன்றைச் செய்தால் மனசு பின்னால் வரும் என்பது அதன் கணக்கு. அதற்கு டீ நேரம் வசதியானது.

டீயைக் கட்டிலுக்குக் கொண்டுபோகாமல், திண்ணையில் வைத்துக் கூப்பிடலாம். முதல் வாரம் திண்ணை. அடுத்த வாரம் களத்து மேடு. பிறகு, ஒருவர் துணையோடு தெருமுனை டீக்கடை. அங்கே கூட்டாளிகள் யாராவது இருந்தால், முன்கூட்டியே சொல்லிவைத்து, உடம்பைப் பற்றிக் கேட்காமல் ஊர்க்கதை பேசச் சொல்லலாம். டீ குடிக்கும்போது கழனி விஷயத்தில் அவருடைய முடிவைக் கேட்க வேண்டும். மார்கழிப் பட்டத்துக் கடலைக்கு விதை எங்கே எடுக்கலாம், எந்தத் துண்டில் போடலாம் என்று கேட்கலாம். ஒப்புக்குக் கேட்டுவிட்டு வேறு மாதிரி செய்தால் அவருக்குத் தெரிந்துவிடும். அவர் சொன்னதைச் செய்து காட்ட வேண்டும். விதைக்கடலை உடைக்கவும், சொத்தை பொறுக்கவும் ஒரு கை போதும்.

பார்த்துக்கொள்கிற அந்த அம்மாவும் தூங்க வேண்டும். நோயாளியைப் பார்ப்பவர்களுக்கும் மனச்சோர்வு வரும். மாதத்தில் சில நாள்களாவது மகன் வந்து இருந்தால், அது அனுப்பிவைத்த டீ பெட்டியைவிடப் பெரிய உதவி.

“கோத்தகிரி பக்கம் ஒன்றரை ஏக்கரில் தேயிலை இருக்கிறது. பசுந்தேயிலை விலை கட்டுப்படியாகாததால், நாங்களே கிரீன் டீ தயாரித்து விற்க நினைக்கிறோம். ‘மனச்சோர்வு நீக்கும், பக்கவாதத்தைத் தடுக்கும்’ என்று பாக்கெட்டில் அச்சிடலாமா?”

- சிறு தேயிலை விவசாயி ஒருவர், நீலகிரி மாவட்டம்.

தயாரித்து விற்கலாம், அப்படி அச்சிடக் கூடாது. உணவுப் பொருள் நோயைத் தடுக்கும், குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதை, உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் கொண்டுவந்த விதிகள் தடை செய்கின்றன. தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. குணப்படுத்துவதாக விளம்பரம் செய்யக் கூடாத நோய்களின் பட்டியல் ஒன்று 1954-ம் ஆண்டுச் சட்டத்தில் இருக்கிறது. பக்கவாதமும் அதில் இடம்பெற்றிருக்கிறது.

சொல்லிக்கொள்ள உண்மையான சிறப்புகளே நிறைய இருக்கின்றன. ஒரு கொழுந்தும் இரண்டு இலையும் மட்டும் கையால் பறித்தது, எந்த மலை, எந்தத் தேதியில் பறித்தது, எப்படித் தயாரித்தது ஆகியவற்றை எழுதலாம். கிரீன் டீயில் தரத்தைத் தீர்மானிப்பது நேரம். பறித்த இலையைச் சில மணி நேரத்துக்குள் ஆவியிலோ, சூடான சட்டியிலோ வாட்டினால்தான் இலை கறுக்காமல் பச்சையாக நிற்கும். அதன் பிறகு உருட்டி, ஈரப்பதம் போக நன்றாக உலர்த்திக் காற்றுப் புகாமல் அடைக்க வேண்டும். சுமார் நாலரை கிலோ பசுந்தேயிலைக்கு ஒரு கிலோ தூள் கிடைக்கும். முதலீடு செய்யும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவு கட்டாயம். தேயிலை வளர்ப்பு, தயாரிப்பு பற்றிய ஆலோசனைகளுக்குக் குன்னூரில் உள்ள உபாசி வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம்.

சட்டத்தைத் தாண்டியும் ஒரு காரணம் இருக்கிறது. மேலே கடிதம் எழுதிய வீட்டுக்கு வந்துசேர்ந்ததும் இப்படி ஒரு பெட்டிதான். அதில் எழுதியிருப்பதை நம்பி, டீயைக் கொடுத்துக்கொண்டே ஒரு குடும்பம் மூன்று மாதம் மருத்துவரிடம் போகாமல் இருந்துவிடலாம். ‘நான் இருந்து யாருக்கு என்ன பிரயோஜனம்?’ என்று கேட்கிற மனிதர் இருக்கும் வீட்டில், மூன்று மாதம் என்பது ரொம்பத் தாமதம்.